இடம் மாறிய புரதம்

ரத்தப் புற்றுநோய் என்றதும் ஆராய்ச்சியாளர்கள் முதலில் கேட்பது எந்த மரபணு கெட்டிருக்கிறது என்பதைத்தான். அந்த மரபணு தரும் புரதம் அளவுக்கு மீறி வேலை செய்கிறதா, வேலையையே நிறுத்திவிட்டதா என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டு கேள்விகளால் மருத்துவம் வெகுதூரம் வந்திருக்கிறது. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் மருந்து அவற்றின் பலன்தான். ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அந்தப் புரதம் செல்லுக்குள் எங்கே இருக்கிறது? சில ரத்தப் புற்றுநோய்களில் இந்தக் கேள்வியின் விடையில்தான் நோயின் மையம் இருக்கிறது என்பது என் வாதம். புரதம் கெட்டதால் நோய் வந்தது என்பது பாதிக் கதை. கெட்ட புரதம் போகக்கூடாத இடத்துக்குப் போனதும், போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் வழியில் நின்றுவிட்டதும் மீதிக் கதை. பல காலம் இந்த மீதியை நாம் பக்கவிளைவாகவே எண்ணி ஒதுக்கிவந்தோம்.

வாதத்துக்குப் போகுமுன் பாதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். செல்லின் உட்புறம் சவ்வுகளால் அறை அறையாகப் பிரிக்கப்பட்டது. செல்லின் மேற்பரப்பில் நிற்கவேண்டிய ஓர் ஏற்பிப் புரதம் ரிபோசோமில் உருவாகிக்கொண்டிருக்கும்போதே எண்டோபிளாச வலைக்குள் நுழைகிறது. அங்கே அது சரியாக மடிகிறது. அதன் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டப்படுகின்றன. மடிப்பு சரியில்லை என்றால் மேலே போக அனுமதி கிடைக்காது. தேறிய புரதம் நுண்பைகளில் ஏறிக் கோல்கை உறுப்புக்குப் போகிறது. அங்கே சர்க்கரைச் சங்கிலிகள் செதுக்கி முடிக்கப்படுகின்றன. அதன் பிறகுதான் மேற்பரப்பு. எந்தப் புரதம் எங்கே போகவேண்டும் என்ற குறிப்பு அந்தப் புரதத்தின் அமினோ அமில வரிசையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இதை நிறுவியதற்காக கூந்தர் புளோபெல் 1999-இல் நோபல் பரிசு பெற்றார். அப்படிப்பட்ட குறிப்புகளில் மிகச் சிறியது ஒன்றை 1987-இல் ஷான் மன்ரோ, ஹியூ பெல்ஹாம் இருவரும் கண்டுபிடித்தார்கள். எண்டோபிளாச வலையிலேயே தங்கி வேலை செய்யவேண்டிய புரதங்கள் பலவற்றின் வால்நுனியில் லைசின், அஸ்பார்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம், லூசின் என்று நான்கு அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கின்றன. அப்புரதம் தவறிப்போய்க் கோல்கை வரை வந்துவிட்டால், அந்த நான்கெழுத்து வாலை அடையாளம் கண்டு பிடித்துத் திருப்பி அனுப்பும் ஏற்பி ஒன்று அங்கே காத்திருக்கிறது.

இந்த நான்கெழுத்து வால் புற்றுநோயில் வந்து நிற்கும் என்று 2013 வரை பெரும்பாலோர் நினைக்கவில்லை. மஜ்ஜையில் தட்டணுக்கள் தேவைக்கு மேல் பெருகும் எசென்ஷியல் த்ராம்போசைத்தீமியா, மஜ்ஜையே நார் மண்டி இறுகிப்போகும் மைலோஃபைப்ரோசிஸ் ஆகிய இரண்டும் மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய்கள். 2005-இல் ஜே.ஏ.கே.2 என்ற நொதியில் ஏற்படும் ஒரு சடுதிமாற்றம் இந்நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேரின் நோய்க்கு விளக்கம் தந்தது. மற்ற பாதியில் பெரும்பாலோருக்கு எட்டு ஆண்டுகள் காரணம் தெரியவில்லை. 2013 டிசம்பரில் வியன்னாவிலிருந்து ஒரு குழுவும் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு குழுவும் ஒரே சமயத்தில் ஒரே விடையை வெளியிட்டன: கால்ரெடிகுலின். ஜே.ஏ.கே.2-விலும் எம்.பி.எல். என்ற ஏற்பியிலும் மாற்றம் இல்லாதவர்களை வியன்னா குழு பார்த்தபோது, எசென்ஷியல் த்ராம்போசைத்தீமியா நோயாளிகளில் 67 சதவீதம் பேருக்கும் மைலோஃபைப்ரோசிஸ் நோயாளிகளில் 88 சதவீதம் பேருக்கும் கால்ரெடிகுலின் மரபணு மாறியிருந்தது. துறையே திகைத்தது. கால்ரெடிகுலின் வளர்ச்சியைத் தூண்டும் நொதி அல்ல, மேற்பரப்பு ஏற்பியும் அல்ல. எண்டோபிளாச வலைக்குள் இருந்துகொண்டு கால்சியத்தைப் பிடித்துவைப்பதும், புதிதாக வரும் புரதங்கள் சரியாக மடிய உதவுவதும்தான் அதன் வேலை. அந்த நான்கெழுத்து வால் அதற்கும் உண்டு.

மாற்றங்களைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் அதிசயம் தெரிகிறது. அதிகம் காணப்படுபவை இரண்டு: ஒன்றில் மரபணுவின் கடைசிப் பகுதியில் 52 எழுத்துகள் நீங்கியிருக்கின்றன, மற்றதில் 5 எழுத்துகள் கூடுதலாகச் சேர்ந்திருக்கின்றன. பார்வைக்கு இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஆனால் செல் மரபணுவை மும்மூன்று எழுத்துகளாகத்தான் வாசிக்கிறது. 52-இல் பதினேழு மும்மைகள் போக ஒன்று மீதம். அந்த ஓரெழுத்து குறைவதும், 5-இல் ஒரு மும்மை போக மீதமுள்ள இரண்டெழுத்து கூடுவதும் வாசிப்பை ஒரே வரிசைக்குத்தான் தள்ளும். இதற்குப் பிறகு கண்டறியப்பட்ட பல பத்து மாற்றங்களும் இதே வரிசைக்கே வந்து சேர்கின்றன. அதாவது, மாற்றம் எதுவானாலும் புரதத்தின் வால் ஒன்றுதான். பழைய வாலில் எதிர்மின்னூட்டம் கொண்ட அமிலங்கள் நிறைந்திருந்தன. புதிய வாலில் நேர்மின்னூட்டம் கொண்டவை நிறைந்திருக்கின்றன. நுனியில் இருந்த நான்கெழுத்துக் குறிப்பு மறைந்துவிட்டது. தற்செயலாக நிகழும் மாற்றங்களுக்கு இப்படி ஒரே முடிவு வாய்க்காது. வேறு வரிசைகளுக்குத் தள்ளும் மாற்றங்களும் நடந்திருக்கத்தான் வேண்டும். அவை நோயாக வளரவில்லை. இந்த ஒரு வால்தான் செல்லுக்குப் பெருகும் வலுவைக் கொடுத்திருக்கிறது.

எப்படிக் கொடுத்தது என்பதை 2016-இல் பல குழுக்கள் தனித்தனியே காட்டின. கல்லீரலில் பெரும்பாலும் சுரக்கும் த்ராம்போபொய்டின் என்ற ஹார்மோன், அந்த எம்.பி.எல். ஏற்பியில் வந்து அமரும்போது மஜ்ஜையில் தட்டணு உற்பத்தி தூண்டப்படுகிறது. அந்த எம்.பி.எல். புரதமும் எண்டோபிளாச வலையில்தான் மடிந்து சர்க்கரை ஏற்றிக்கொள்கிறது. இயல்பான கால்ரெடிகுலின் அதன் சர்க்கரைச் சங்கிலியைச் சிறிது நேரம் பிடித்து, மடிப்புக்கு உதவி, விட்டுவிடும். மாறிய கால்ரெடிகுலின் விடுவதில்லை. புதிய வாலின் உதவியால் எம்.பி.எல்.லோடு இறுகப் பற்றிக்கொண்டு, கோல்கையில் திருப்பி அனுப்புவார் யாருமில்லாமல், அதனுடனேயே மேற்பரப்புக்குப் போய்விடுகிறது. அங்கே ஹார்மோன் வந்து அமராமலேயே இரண்டு எம்.பி.எல். ஏற்பிகளை இணைத்து நிறுத்துகிறது, உள்ளே ஜே.ஏ.கே.2 விழித்துக்கொள்கிறது, வளர்ச்சிக் கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. இன்டர்லூகின்-3 இல்லாவிட்டால் இறந்துவிடும் ஒரு வகை எலி ரத்த செல்லில் மாறிய கால்ரெடிகுலினை மட்டும் வைத்தபோது செல் பிழைக்கவில்லை, எம்.பி.எல்.லையும் சேர்த்து வைத்தபோது இன்டர்லூகின் இல்லாமலே பெருகியது. பிரஸ்ஸல்ஸில் ஸ்டெஃபான் கான்ஸ்டான்டினெஸ்கு குழு இன்னொரு படி மேலே போனது. தன் குறையினால் மேற்பரப்புக்கு வர முடியாத எம்.பி.எல். வகைகளைக்கூட மாறிய கால்ரெடிகுலின் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது. புரதங்களைச் சரிபார்த்து அனுப்பும் துணையே சரிபார்ப்பைத் தாண்டிக் கடத்திப் போகும் ஆளாக மாறிவிட்டது.

இங்கே முதல் மறுப்பு எழும். நான்கெழுத்து வால் போனதால் நோய் என்றால், அந்த வாலை மட்டும் வெட்டிவிட்டால் நோய் வரவேண்டுமே? வெட்டிப் பார்த்தார்கள், வரவில்லை. கட்டறுந்த மாடெல்லாம் அடுத்தவர் வயலில் இறங்கிவிடுவதில்லை. நேர்மின்னூட்டம் கொண்ட புதிய வால் இருந்தால்தான் எம்.பி.எல்.லின் மீது பிடி இறுகுகிறது. ஆகவே, புரதம் இடம் மாறினாலே புற்றுநோய் என்று சொல்பவர் இந்தச் சோதனையின் முன் நிற்க முடியாது. நான் அப்படிச் சொல்லவில்லை. பிடி இறுகுவதும் இடம் மாறுவதும் இங்கே ஒரே மாற்றத்தின் இரண்டு கைகள். பிடி மட்டும் இறுகி, ஏற்பி மேற்பரப்பை அடையாமல் போனால் கட்டளையும் வலுவாகப் பிறக்காது. இடம் மாற்றம் போதுமான காரணம் அல்ல, ஆனால் தேவையான காரணம். இந்த வேறுபாட்டைக் காப்பாற்றிக்கொண்டால்தான் வாதம் உண்மையோடு நிற்கும்.

கால்ரெடிகுலின் தங்கவேண்டிய இடத்திலிருந்து தப்பிய கதை என்றால், எஃப்.எல்.டி.3 போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் நின்ற கதை. மஜ்ஜையின் முன்னோடி செல்களில் இருக்கும் இந்த ஏற்பியின் ஒரு பகுதி இரட்டித்துப்போயிருப்பதை, கடுமையான மைலாய்டு ரத்தப் புற்றுநோயாளிகளிடம் 1996-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். இந்நோய் வந்த பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்த இரட்டிப்பு உண்டு. நோய் திரும்ப வரும் ஆபத்தும் அவர்களுக்கு அதிகம். ஆய்வகத்தில் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் கூழ்த்தகட்டில் எஃப்.எல்.டி.3 இரண்டு கோடுகளாகத் தெரியும். ஏறத்தாழ 160 கிலோடால்டன் இடத்தில் நிற்கும் மேல்கோடு, கோல்கையைக் கடந்து சர்க்கரை முழுவதும் ஏற்றி மேற்பரப்புக்குப் போன புரதம். 130 பக்கத்தில் நிற்கும் கீழ்க்கோடு, இன்னும் உள்ளேயே இருக்கும் முதிராத புரதம். இயல்பான செல்லில் மேல்கோடு தடித்திருக்கும். இரட்டிப்பு கொண்ட செல்லில் கீழ்க்கோடு தடித்துவிடுகிறது. ஏற்பி பெருமளவு உள்ளேயே தேங்கிக்கிடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் தேவையில்லை. தேங்கியும் அது சும்மா இல்லை; தேங்கிய இடத்திலிருந்தே கட்டளை போடுகிறது.

2009-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. இரட்டித்த எஃப்.எல்.டி.3-ஐ எண்டோபிளாச வலையிலேயே நங்கூரமிட்டு நிறுத்தியபோது அது ஸ்டாட்5 என்ற புரதத்தைப் பலமாகத் தூண்டியது. அதே புரதத்தைச் செல் சவ்வுக்கு அனுப்பி நிறுத்தியபோது ஸ்டாட்5 அடங்கியது. அதற்குப் பதில் வேறு இரண்டு கட்டளைப் பாதைகள் ஓங்கின. சடுதிமாற்றம் ஒன்றே, நொதியின் வேகம் ஒன்றே. நின்ற இடம் மாறியதும் சொல்லும் சொல் மாறிவிட்டது. சவ்வில் இருக்கும் ஏற்பிக்கு அருகில் கிடைக்கும் துணைப்புரதங்கள் வேறு, உள்ளே இருப்பவை வேறு என்பதால் இது வியப்பில்லை. மரபணு அறிக்கையில் எழுதப்பட்டிருக்கும் ஒரு வரி மட்டும் நோயின் போக்கைச் சொல்லிவிடாது என்பதற்கு இந்தச் சோதனை போதும் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. புற்றுநோய்ச் செல்லில் எதுதான் ஒழுங்காக இருக்கிறது? உட்கரு வீங்கியிருக்கும், நிறமூர்த்தங்கள் முறிந்திருக்கும். புரதங்களும் இடம் மாறியிருக்கும். அது விளைவுதானே, காரணம் என்று எப்படிச் சொல்வது? எஃப்.எல்.டி.3 விஷயத்தில் இந்த மறுப்பில் உண்மையும் இருக்கிறது: ஏற்பியின் மிகுந்த வேகமே அதன் முதிர்ச்சியைத் தடுக்கிறது. வேகத்தை மருந்தால் அடக்கினால் அது சர்க்கரை ஏற்றிக்கொண்டு மேற்பரப்புக்குப் போகத் தொடங்குகிறது. ஆகவே தேக்கம் அங்கே வேகத்தின் விளைவு. பிறகு அந்த விளைவே கட்டளையின் திசையைத் தீர்மானிக்கும் காரணமாகிவிடுகிறது. ஆனால் விளைவா காரணமா என்பதைத் தீர்க்க நேர்வழி ஒன்று உண்டு. புரதத்தை வேறெதுவும் செய்யாமல் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்பிப் பார்க்கவேண்டும். நோய் அடங்கினால் இடமே காரணம்.

அப்படித் திருப்பி அனுப்பிப் பார்க்க முடிந்த புரதம் நியூக்ளியோஃபாஸ்மின். இது உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸில் வாழ்வது. இத்தாலியின் பெருஜியாவில் புரூனோ ஃபலினியும் அவரது குழுவும் கடுமையான மைலாய்டு ரத்தப் புற்றுநோயாளிகளின் மஜ்ஜைத் துண்டுகளில் இந்தப் புரதத்துக்குச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிலருடைய செல்களில் சாயம் உட்கருவைவிட்டு வெளியே, சைட்டோபிளாசத்தில் பரவிக் கிடந்தது. 591 நோயாளிகளில் 208 பேருக்கு இப்படி இருந்ததாக 2005-இல் வெளியிட்டார்கள். கவனிக்கவேண்டியது வரிசை. முதலில் கண்ணில் பட்டது இடம். அதைப் பின்தொடர்ந்து போய்த்தான் மரபணுவில் மாற்றத்தைக் கண்டார்கள். பெரும்பாலும் நான்கே எழுத்துகள் கூடுதலாகச் சேர்ந்ததில் இரண்டு காரியம் நடந்திருந்தது: புரதத்தை நியூக்ளியோலஸில் பிடித்துவைக்கும் டிரிப்டோஃபேன் அமினோ அமிலங்கள் போயின, உட்கருவிலிருந்து வெளியேற்றும் புதிய குறிப்பு ஒன்று வந்து சேர்ந்தது. அந்தக் குறிப்பைப் படித்து எக்ஸ்.பி.ஓ.1 என்ற ஏற்றுமதிப் புரதம் அதை வெளியே கொண்டுபோகிறது. 2018-இல் வெளியான ஆய்வில், நோய்ச் செல்லின் மரபணுவைத் திருத்தி அந்த ஏற்றுமதிக் குறிப்பை மட்டும் அழித்தார்கள். வேறு சோதனைகளில் எக்ஸ்.பி.ஓ.1-ஐ மருந்தால் தடுத்தார்கள். இரண்டிலும் புரதம் உட்கருவுக்குத் திரும்பியது. முதிராத நிலையைக் காப்பாற்றிவந்த ஹாக்ஸ் மரபணுக்கள் அடங்கின. செல்கள் பெருகுவதை நிறுத்தி முதிரத் தொடங்கின.

இதைவிடத் துணிச்சலான சோதனை 2001-இலேயே நடந்திருந்தது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பி.சி.ஆர்-ஏ.பி.எல். இணைப்புப் புரதம் சைட்டோபிளாசத்தில் இருந்துகொண்டு செல்லைச் சாகவிடாமல் காக்கிறது. கலிஃபோர்னியாவில் விக்னேரியும் ஜீன் வாங்கும் அதை இமாட்டினிப்பால் தற்காலிகமாக அடக்கி உட்கருவுக்குள் நுழையவைத்தார்கள். லெப்டோமைசின்-பி என்ற பொருளால் வெளியேறும் வழியை அடைத்தார்கள். பிறகு இமாட்டினிப்பை எடுத்துவிட்டார்கள். உட்கருவுக்குள் மாட்டிக்கொண்ட அதே புரதம் மீண்டும் முழு வேகத்தில் இயங்கியது. செல்லைக் காப்பாற்றவில்லை, கொன்றது. வெளியே இருந்தால் உயிர் கொடுப்பது, உள்ளே இருந்தால் உயிர் எடுப்பது. இதை வெறும் பக்கவிளைவு என்று யாரும் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் நியூக்ளியோஃபாஸ்மின் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மாறிய நியூக்ளியோஃபாஸ்மினில் ஒரு பங்கு உட்கருவுக்குள்ளேயே, ஹாக்ஸ் மரபணுக்களின் மேலேயே அமர்ந்து அவற்றை இயக்குவதை 2023-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அப்படியானால் வெளியே பரவிக் கிடந்தது வெறும் தோற்றமா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்த ஆய்வுகளிலும் எக்ஸ்.பி.ஓ.1-உடனான பிணைப்பு முக்கியமாகவே இருக்கிறது. அதைத் தடுத்தால் புரதம் அந்த மரபணுக்களைவிட்டு விலகுகிறது. ஏற்றுமதிக் குறிப்பு ஒன்று புரதத்தை வெளியே கொண்டுபோவதோடு, உள்ளே எங்கே உட்காரவேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. உள்ளே, வெளியே என்ற இரண்டோடு நின்றுவிட்ட நம் வரைபடம்தான் போதாமல் போயிற்று. இடம் முக்கியம் என்ற கருத்து அப்படியே நிற்கிறது.

கடைசி மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வருவது. எனக்கு அதுவே கனமானது. கடத்தல் பாதைகள் எல்லாச் செல்லுக்கும் பொது. அவற்றில் கைவைத்தால் நல்ல செல்லும் சாகாதா? இதற்கு வரலாறு இரண்டுவிதமாகவும் பதில் சொல்கிறது. ராஸ் புரதம் சவ்வில் ஒட்டிக்கொண்டால்தான் புற்றுநோய்க்கு உதவும் என்று அறிந்து, ஒட்டுவதற்கான ஃபார்னசில் வாலைத் தடுக்கும் மருந்துகள் செய்தார்கள். ராஸின் வகைகளான என்-ராஸும் கே-ராஸும் அதைப் போன்ற இன்னொரு வாலைப் போட்டுக்கொண்டு சவ்வை அடைந்தன. பெரிதாக வளர்ந்த நம்பிக்கை உதிர்ந்தது. எக்ஸ்.பி.ஓ.1-ஐத் தடுக்கும் செலினெக்ஸர் 2019-இல் பல்கிய மைலோமாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் குமட்டல், எடைக்குறைவு, தட்டணு வீழ்ச்சி எல்லாம் உடன் வந்தன. நோய் திரும்ப வந்த கடுமையான மைலாய்டு ரத்தப் புற்றுநோயின் மூத்த நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் அது ஆயுளைக் கூட்டவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை கொடுக்கும்போது எக்ஸ்.பி.ஓ.1 இடையிடையே விடுபட்டுவிடுகிறது, நீடித்துத் தடுத்தால்தான் பலன் என்று பின்னர் விலங்குச் சோதனைகள் காட்டின. விடாமல் தடுத்தால் நல்ல செல் தாங்குமா என்பதில்தான் சிக்கலே.

மறுபக்கம் போர்டிசோமிப் என்ற மருந்து. மைலோமா செல் என்பது கெட்டுப்போன பிளாஸ்மா செல். ஆன்டிபாடி செய்து வெளியே தள்ளுவதே அதன் பிறவித் தொழில், வினாடிக்கு ஆயிரக்கணக்கில். அவ்வளவு செய்யும்போது மடியாமல் போகும் கழிவும் அதிகம். அக்கழிவு எண்டோபிளாச வலையிலிருந்து வெளியே இழுக்கப்பட்டுப் புரோட்டியசோமில் சிதைக்கப்படுகிறது. போர்டிசோமிப் அந்தப் புரோட்டியசோமை அடைக்கிறது. புரோட்டியசோம் எல்லாச் செல்லிலும் உண்டு. ஆனால் ஏற்கெனவே தாங்கும் எல்லையில் ஓடிக்கொண்டிருக்கும் மைலோமா செல்தான் முதலில் சாகிறது. நரம்புகளுக்குப் போர்டிசோமிப் செய்யும் தீங்கு உண்மை. 2003-இல் வந்ததிலிருந்து அந்த மருந்து மைலோமா நோயாளிகளின் ஆயுளைக் கூட்டியிருப்பதும் உண்மை. பொதுப்பாதை என்பதாலேயே தொடக்கூடாது என்ற விதி இல்லை. அந்தப் பாதையை யார் அதிகம் நம்பியிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

பாதையைத் தொடாமல், வந்து சேர்ந்த இடத்தையே பயன்படுத்திக்கொள்ளும் வழியும் இருக்கிறது; என் நம்பிக்கை அதிகம் இருப்பது அங்கேதான். எஃப்.எல்.டி.3-ஐ அடக்கும் மருந்து அந்த ஏற்பியை மேற்பரப்புக்கு வரவைக்கிறது என்றேன். வெளியே வந்ததை ஆன்டிபாடியாலும் மாற்றியமைத்த டி-செல்லாலும் பிடிப்பது எளிதாகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கால்ரெடிகுலினில் இது இன்னும் பொருந்தி வருகிறது. நோயாளி எவரானாலும் புதிய வால் ஒன்றே, அது எம்.பி.எல்.லுடன் சேர்ந்து நிற்பது நோய்ச் செல்லின் மேற்பரப்பில் மட்டுமே. இப்போது கொடுக்கப்படும் ருக்சோலிடினிப் எல்லாச் செல்களிலும் ஜே.ஏ.கே.யை அடக்குவதால் ரத்தசோகையை உண்டாக்குகிறது. மாறிய வாலை மட்டும் பற்றும் ஆன்டிபாடி நல்ல செல்லைக் கண்டுகொள்வதில்லை. அப்படி ஓர் ஆன்டிபாடியை 2022-இல் அறிமுகப்படுத்தினார்கள். அது நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, எசென்ஷியல் த்ராம்போசைத்தீமியா உள்ள பலரிடம் தட்டணு எண்ணிக்கை இறங்கியதாக 2025-இல் முதல்கட்ட முடிவுகள் வந்தன. இதிலும் கடத்தலின் இன்னொரு முகம் குறுக்கே வருகிறது. மாறிய கால்ரெடிகுலின் மேற்பரப்போடு நிற்காமல் செல்லைவிட்டே வெளியேறி நோயாளியின் ரத்தத்திலும் மிதக்கிறது. மிதந்துபோய், தன்னைப்போல் மாறிய இன்னொரு செல்லின் ஏற்பியையும் தூண்டவல்லது என்று கான்ஸ்டான்டினெஸ்கு குழு காட்டியிருக்கிறது. ரத்தத்தில் செலுத்தப்படும் ஆன்டிபாடி முதலில் சந்திப்பது அந்த மிதக்கும் புரதத்தைத்தான். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் மருந்தின் அளவை நிர்ணயிக்கவேண்டியிருக்கிறது.